கீழே இறங்கிய பாரக்குறி

என் மச்சான் அன்பரசுவிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். "எழுதுங்க மாமா... நானும்தான பாத்தேன்" என்றான். அவன் பார்த்திருக்காவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன். நான் சந்தேகப் பிராணி. பால் வாங்கினால்கூட நுரை அடங்கும்வரை நின்று அளவு பார்க்கிற ஆள்.

2009 அக்டோபர். சிதம்பரத்தில் என் வீட்டு மாடியறையில் மாதிரிக் கப்பல்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கடலூர்க் கப்பல் முதலாளி சுப்பராயலு ஓர் ஆர்டரோடு வந்தார். அவருடைய சிறிய சரக்குக் கப்பல் சிமெண்ட் ஏற்றிக்கொண்டு அந்தமானுக்குப் போகும் வழியில், ஜூன் மாதம் பரங்கிப்பேட்டைக்குக் கிழக்கே மூழ்கியிருந்தது. கேப்டன் சபாபதியையும் சேர்த்து ஆறு பேர் போய்விட்டார்கள். திங்கட்கிழமை விசாரணை. அங்கே காட்ட அதே கப்பல் சின்னதாக வேண்டுமாம்.

"லோடு சரியாத்தான் இருந்துச்சு. கேப்டன் தப்பா ஓட்டிட்டான்" என்றார். காகிதமெல்லாம் கப்பலோடு போய்விட்டது என்றார். ஒரே ஒரு போட்டோ கொடுத்தார்.

கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். அதுதான் பாரக்குறி. சரக்கு ஏற்றும்போது அந்தக் கோடு தண்ணீருக்குள் போகக் கூடாது. குறியை மேலே வரைந்தால் கூடுதலாக ஏற்றலாம். போட்டோவில் குறி மேலேதான் இருந்தது. அதன்படி பார்த்தால் சரக்கு அளவோடுதான் ஏறியிருக்கிறது, ஐந்து பேரைக் கொன்ற பழி கேப்டன் தலையில்.

பெயர், குறி எல்லாவற்றையும் மாதிரிக் கப்பலில் டீக்காலாக ஒட்டுவோம். தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்திலிருந்து வழுக்கிக்கொண்டு வரும் மெல்லிய ஸ்டிக்கர் அது. ஈரம் இருக்கும்வரை தள்ளி நகர்த்தலாம். காய்ந்துவிட்டால் நகராது, கிழியும். அன்பரசுதான் எனக்கு அச்சடித்துத் தருவான். கடலூர் ஓல்டு டவுனில் அவனுக்கு பிரிண்டிங் கடை இருந்தது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்தவன் அன்று என் வீட்டிலேயே தங்கினான்.

"அந்தக் கேப்டன் வூட்டம்மா எங்க தெருதான் மாமா. புஷ்பவள்ளின்னு பேரு. தண்ணி புடிக்க வந்தாக்கூட யாரும் பேசறதில்ல. புருஷன் அஞ்சு பேர முழுகடிச்சிட்டான்னு சொல்றாங்க."

கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. போட்டோவில் இருந்தபடியே குறியை ஒட்டினேன். நடுவிலிருந்து ஓரத்துக்குப் பஞ்சால் அழுத்தித் தண்ணீரை ஒற்றியெடுத்தேன். காயவிட்டுவிட்டுத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை பார்த்தால், குறி ஓர் அரிசி நீளம் கீழே இருந்தது. கிழியவில்லை. சுருங்கவில்லை. அங்கேயே ஒட்டினது மாதிரி இருந்தது. மாதிரியில் ஓர் அரிசி என்றால் நிஜக் கப்பலில் ஓர் அடி.

"கைய வச்சியா மச்சான்?"

"இல்ல மாமா. சத்தியமா."

நான் நம்பவில்லை. தெருக்காரம்மாவுக்காகச் செய்திருக்கிறான் என்றே நினைத்தேன். அவனைக் கடலூருக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். பழையதைச் சுரண்டிப் புதிதாக ஒட்டினேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஞாயிறு காலை திறந்தேன். மறுபடியும் ஓர் அரிசி கீழே...

ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அன்பரசுவிடம் இன்னொரு சாவி இருக்குமோ? போன் செய்து, மிச்சமிருந்த டீக்காலோடு அவனை வரச் சொன்னேன். அவன் கண் முன்னாலேயே மூன்றாவதை மேலே ஒட்டினேன். எதிரில் உட்காரவைத்தேன்.

"ரெண்டு கையையும் மேஜ மேல வை."

வைத்தான். அவனுக்குக் கோபம்.

மதியம் இரண்டரை மணி. கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ஜன்னல் வெயில் மேஜைமேல் விழுந்தது. குறி நன்றாகக் காய்ந்துவிட்டிருந்தது.

ளக்...

டீக்கால் ஊறவைத்த கிண்ணத்தில் தண்ணீர் அசைந்தது. நாங்கள் மேஜையைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தோம். மேஜை அசையவில்லை.

ளக்... ளக்...

டீசல் நாற்றம். ஈர சிமெண்ட் நாற்றம்.

"மாமா... அங்க பாருங்க."

காய்ந்த குறியின் ஓரம் நனைந்தது.

மெதுவாக வழுக்கியது... கீழே.

நின்றது.

பிறகு அதன் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தது. ஒரு கட்டைவிரல் அழுத்துகிற மாதிரி. நடுவிலிருந்து ஓரத்துக்கு... ஓரத்துக்கு...

அன்பரசுவின் இரண்டு கைகளும் மேஜைமேல்தான் இருந்தன.

நாங்கள் எழுந்து ஓடுவதற்குள் படிக்கட்டில் செருப்புச் சத்தம். உயிரே போய்விட்டது. வந்தவர் சுப்பராயலு. கப்பலை எடுத்துப்போக வந்திருந்தார். மேஜையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"யாரு சொன்னா உனக்கு? அது அங்கதான் இருந்துச்சுன்னு யாருடா சொன்னா?"

சொன்னது என்னவென்று அவருக்கே அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். கப்பலை எடுக்காமலே இறங்கிப் போய்விட்டார். அன்பரசு என்னைப் பார்த்தான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

மறுநாள் விசாரணைக்கு நாங்களே கப்பலைக் கொண்டுபோனோம். குறி நகர்ந்த கதையைச் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள். முதலாளி வாய்விட்டதை மட்டும் சொன்னோம். ஒரு வாரம் கழித்து, மூழ்கிய கப்பலைப் பார்க்க டைவர் ஒருவரை இறக்கினார்கள். நிஜக் குறியை இரும்புத் தகட்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பெயிண்ட் அடித்து மறைத்தாலும் அழியாது. அது கீழேதான் இருந்தது. சுப்பராயலு அதை மறைத்துவிட்டு, மேலே பொய்க்குறி வரைந்து கூடுதலாக ஏற்றியிருந்தார். சபாபதி மேலிருந்த பழி நீங்கியது. தெருக்காரர்கள் புஷ்பவள்ளி வீட்டுக்குத் தாங்களாகவே போய்ப் பேசினார்கள் என்று அன்பரசு சொன்னான்.

அந்த டைவரை, விசாரணை நடந்த ஆபீசுக்கு வெளியே டீக்கடையில் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் இருந்த குறியை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் தேடவே இல்ல சார். கப்பல் பூரா பாசி, துரு. அந்த ஒரு எடத்துல மட்டும் பெயிண்ட யாரோ சுரண்டி வச்சிருந்தாங்க. இரும்பு பளபளன்னு இருந்துச்சு. கடல் தண்ணியில இரும்பு ரெண்டு நாள் தாங்காது, செவந்துடும். எனக்கு முன்னாடி யாரையாவது எறக்குனாங்களா?"

இல்லை என்றேன்.

"ஏன்னா அது கத்தியால சுரண்டுனது இல்ல சார். நகத்தால. கோடெல்லாம் அஞ்சஞ்சா இருந்துச்சு."