ஒரே வீட்டுக்கு இரண்டு வழி

ஜவ்வாது மலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் மனுவும் போட்டுக் கொடுப்பேன். படித்தது எட்டாவது. கம்ப்யூட்டர், கடையில் உட்கார்ந்தே பழகியது. புரோகிராம் எழுதுவது போனில் வீடியோ பார்த்துக் கற்றது.

அந்த வருஷம் கம்ப்யூட்டரில் இடம் தீர்ந்துவிட்டது. ஸ்கேன் போட்டால் பாதியில் நிற்கும். வெளியே ஆட்கள் நிற்பார்கள். எனக்குக் கை பரபரக்கும்.

வருகிறவர்களின் காகிதங்களை ஊர் வாரியாக வைத்திருந்தேன். ஊருக்கு ஒரு ஃபோல்டர். அதற்குள் வீட்டுக்கு ஒன்று. அதற்குள் ஆளுக்கு ஒன்று.

கட்டிக்கொடுத்த பெண்கள் வந்தால்தான் சிக்கல். சாதிச் சான்றுக்கு அப்பன் வீட்டுக் காகிதம் வேண்டும். ரேஷன் கார்டு புருஷன் வீட்டில் இருக்கும். வந்து நிற்கும்போது புருஷன் ஊரைத்தான் சொல்வார்கள். நான் அந்த ஊரில் தேடுவேன். காகிதம் அப்பன் ஊரில் கிடக்கும். அதனால் புருஷன் வீட்டு ஃபோல்டருக்குள்ளிருந்து அப்பன் வீட்டு ஃபோல்டருக்குப் போக ஒரு வழி வைத்தேன். பார்க்க அதுவும் ஃபோல்டர் மாதிரியே இருக்கும். திறந்தால் அப்பன் வீட்டுக்குள் போய் நிற்கும். உள்ளே இருப்பது நகல் இல்லை. அதே ஃபைல்தான். பன்னிரண்டு பெண்களுக்கு அப்படி வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

ஒரே ஃபைலை மூன்று நான்கு இடத்தில் நகல் எடுத்துப் போட்டது நிறைய இருந்தது. அதை ஒழிக்க ஒரு புரோகிராம் எழுதினேன். ஒரு ஃபோல்டருக்குள் போ. இருக்கிற ஃபைலை எல்லாம் பார். உள்ளே இன்னொரு ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் போய் இதே வேலையைச் செய். அடி வரைக்கும் போய்விட்டால் மேலே வா, அடுத்ததற்குள் போ. முன்னால் பார்த்த ஃபைல் மாதிரியே அச்சாக இன்னொன்று கிடைத்தால் அதை அழி. இவ்வளவுதான். பதினைந்து வரி இருக்கும்.

மதியம் ஓடவிட்டேன். திரையில் ஊர்ப் பெயர்கள் ஓடின. உட்கார முடியவில்லை. எழுந்து வாசல் வரை போவேன், வருவேன். முடிந்ததும் பார்த்தால் நிறைய இடம் காலியாகி இருந்தது. நல்ல வேலை என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து ஒரு பெண் வந்தாள். பிறந்தது மலையில் இந்தப் பக்கம். கட்டிக்கொடுத்தது நெல்லிவாசல் பக்கம். சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட வேண்டும். அதற்கு அவள் பேரில் சாதிச் சான்று வேண்டும். சான்றுக்கு முன்பே மனு போட்டிருந்தாள். அப்பாவின் பழைய சாதி அட்டையைச் சேர்க்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுநாள் சாயங்காலத்துக்குள் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. மறுபடி முதலிலிருந்து போட்டால் வேலைக்கு எழுதும் கடைசி நாளுக்குள் சான்று வராது. அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

“யக்கா, எங்கப்பன் அட்டைய எடுத்துக் குடு. போன வருஷம் நீதான ஸ்கேன் போட்ட.”

“அசல் இன்னா ஆச்சு?”

“கரையான் தின்னுட்ச்சு. எங்கண்ணன் பொட்டிய மண்ணு மேல வச்சிகிறான். அவனுக்கு அறிவு அவ்ளோதான்.”

அவள் அப்பன் வீட்டு ஃபோல்டரைத் திறந்தேன். அப்பா பேரில் ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. நெல்லிவாசலில் புருஷன் வீட்டுக்குள் போய், அங்கே நான் வைத்த வழியில் நுழைந்து பார்த்தேன். அங்கேயும் இல்லை.

அப்போதுதான் விளங்கியது. புரோகிராம் அப்பன் வீட்டுக்குள் நேராக ஒரு தடவை போயிருக்கிறது. அட்டையைப் பார்த்திருக்கிறது. பிறகு புருஷன் வீடு வழியாக மறுபடி அதே இடத்துக்குப் போயிருக்கிறது. அதே அட்டை. இரண்டாவது நகல் என்று நினைத்து அழித்துவிட்டது. இருந்ததே ஒன்றுதான்.

“கொஞ்சம் இரு” என்றேன். ரீசைக்கிள் பின்னைப் பார்த்தேன். புரோகிராம் அழித்தது அங்கே போகாது. தெரிந்தும் பார்த்தேன். மறுபடி “கொஞ்சம் இரு” என்றேன்.

“இன்னா நீ எழுந்து எழுந்து உக்கார்ற? நாற்காலில முள்ளு கீதா?”

“அழிச்சிட்டேன்” என்றேன்.

“எத?”

“உங்கப்பன் அட்டைய. தெரியாம.”

அவள் திரையை எட்டிப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர்ல பத்திரமா கீதுன்னு சொன்ன.”

“சொன்னேன்.”

“கரையானே தேவலாம் போலக்கீதே. அது திங்கறதுக்கு ஒரு வருஷமாச்சும் எடுத்துச்சு.”

கம்ப்யூட்டரில் புதிதாக எதையும் சேமிக்காமல் நிறுத்தினேன். அழிந்ததன் மேல் வேறொன்று எழுதிவிட்டால் பிறகு கிடைக்காது. நாலு நாளாக எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அழிந்த படங்களை மீட்கும் புரோகிராம் ஒன்றைப் பென்டிரைவில் போட்டு ஓடவிட்டேன். கரண்ட் இரண்டு தடவை போனது. யு.பி.எஸ். கத்தும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். அண்ணன் வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்று அவள் போனாள்.

காலையில் அவள் வந்தபோது படங்கள் மீண்டிருந்தன. பெயர் இல்லை. ஊர் இல்லை. வீடு இல்லை. வெறும் நம்பர். ஆயிரக்கணக்கில் கிடந்தன.

“உங்கப்பன் அட்ட எப்படி இருக்கும்னு நீதான் பாக்கணும்” என்றேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பட்டனைத் தட்டினேன். அவள் “அடுத்தது, அடுத்தது” என்றாள். வந்த வாடிக்கைக்காரர்களை நாளைக்கு வரச் சொன்னேன்.

“இது எங்க சின்ன மாமியாரு. போட்டோல கூட மொறைக்கிறா பாரு.”

“வேற எதுவும் பாக்காத. அட்டைய பாரு.”

“கண்ணு முன்னாடி வந்தா இன்னா பண்ண சொல்ற?”

மணி பன்னிரண்டு ஆனது. ஒன்று ஆனது. சாப்பிடவில்லை. எனக்கு விரல் தானாகத் தட்டியது. வேகமாகப் போய்விட்டேனோ என்று திரும்பித் திரும்பி வந்தேன். அவள் அதட்டினாள். “போய்ட்டே இரு. நான் பாக்கறேன் இல்ல?”

இரண்டரைக்கு “நில்லு” என்றாள்.

பழுப்பு அட்டை. மடிப்பில் கிழிந்த இடத்தைச் சிவப்பு நூலால் தைத்திருந்தது.

“எங்கப்பன் தச்சது” என்றாள்.

மேல்பாதி தெளிவாக இருந்தது. பேர், ஊர், நம்பர், தேதி. கீழே கால்பங்கு சாம்பல் நிறம். கையெழுத்து அதில் போய்விட்டது. முத்திரை பாதி.

அதையே மனுவில் ஏற்றினேன். அசலைக் கரையான் அரித்துவிட்டது, நகலும் கொஞ்சம் கெட்டுவிட்டது, நம்பரை ஆபீஸ் பதிவேட்டில் பார்க்கவும் என்று எழுதினேன். நகலைக் கெடுத்தது நான்தான் என்றும் எழுதலாமா என்று அவளைக் கேட்டேன்.

“அத இன்னாத்துக்கு எழுதற? அவங்க கேக்கல.”

அனுப்பும்போது மணி நாலு தாண்டிவிட்டது. அவள் ஜீப் பிடித்துப் போனாள்.

அதற்குப் பிறகு தினமும் ஐந்தாறு தடவை அவள் மனு எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். ஒரே வரிதான் வரும். பரிசீலனையில் உள்ளது. கடையை மூடிய பிறகு போனில் பார்ப்பேன்.

இதற்கிடையில் புரோகிராமை மாற்றினேன். இப்போது அது நான் வைத்த வழிகளுக்குள் நுழையாது. போன இடத்தைக் குறித்துக்கொண்டுதான் நடக்கும். எதையும் அழிக்காது. பட்டியல் மட்டும் போடும். அழிக்கிறதை நானே கையால் அழிக்கிறேன். மற்ற பதினோரு பெண்களுடைய அப்பன் வீடுகளும் காலியாக இருந்தன. மீட்ட படங்களில் தேடி ஐந்து வீட்டுக் காகிதங்களைத் திரும்ப வைத்தேன். ஆறு கிடைக்கவில்லை. அந்த ஆறு பேரிடம் சொல்லவில்லை. அவர்கள் கடைத்தெருவில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்தேன்.

விசாரணைக்கு ஆபீஸிலிருந்து ஆள் வந்து அவள் அண்ணனைக் கேட்டுவிட்டுப் போனார். ஒரு திங்கட்கிழமை வரி மாறியது. அனுமதிக்கப்பட்டது. போன் போட்டேன். மற்றவர்கள் காகிதமும் போனதைப் பேச்சோடு சொன்னேன். மறுநாள் காலையில் வந்துவிட்டாள். சான்றை அச்சடித்துக் கொடுத்தேன். வேலைக்கான மனுவையும் அப்போதே போட்டோம். கடைசி நாளுக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது.

சான்றை இரண்டு தடவை படித்தாள். கவரில் போட்டாள்.

“மத்தவங்க காயிதமும் போச்சுன்னியே. எத்தினி வூடு?”

“ஆறு.”

“சொல்லிட்டியா?”

“இல்ல.”

“என்ன மாரி அவங்களும் கடசி நாள்லதான் வந்து நிப்பாங்க.”

“தெரியும்.”

“அசல் வூட்ல இன்னும் கீதா இல்லியான்னு இப்பவே கேட்டாதான ஆவும்? கரையான் ஒனக்காக நிக்குமா? எழுந்திரு. ஜீப்பு நிக்குது.”

“நீ எதுக்கு வர்ற?”

“ஒத்தையா போனா திட்டுவாங்க. ரெண்டு பேரா போனா பாதி பாதி.”

ஆறு பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். ஷட்டரை இறக்கினேன்.

தாளில் முதலில் இருந்த பெண்ணின் வீட்டில் அவள் மாமியார் மட்டும் இருந்தார். சாமை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.