நசாரியா அழுத வீடுகள்

என் படகின் பின்பக்கம் ஒரு விரிசல். ஊறி ஏறும் தண்ணீரைக் காலையில் இறைத்தால்தான் மறுகரைத் தோட்டத்துக்குப் போகமுடியும். என் கால் வீங்கிக் கிடந்த மழைக்காலம் முழுவதும், நான் துறைக்கு வரும்போதெல்லாம் படகு காய்ந்தே இருந்தது. மாதா செய்கிற காரியம் என்று நம்பி ஜெபமாலை சொன்னேன். ஒருநாள் படகுக்குள், பக்கத்து வீட்டு நசாரியா தண்ணீர் மொள்ளும் சுரைக்குடுவை ஈரமாய்க் கிடந்தது. எடுத்துப்போய்க் கொடுத்தேன். "அங்கயா விட்டேன்? தேடிட்டிருந்தேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

அவள் மகள் லுஸ்மிலாவுக்கு நான் ஞானத்தாய். அதனால் ஊர் வழக்கப்படி ஒருவரை ஒருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவோம். லுஸ்மிலா மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டாள்.

எங்கள் ஆற்றங்கரையில் சிறுபிள்ளை செத்தால் சம்மனசாகிறது, சிறகு முளைத்த தேவதூதனாகிறது. அதற்கு ஒப்பாரி கிடையாது. கொட்டும் பாட்டும்தான், பிள்ளையைக் கைமாற்றிக் கைமாற்றி ஆடுவோம். தாய் அழுதால் சம்மனசின் சிறகு நனைந்துவிடும், அது மோட்சம் ஏறாது. பூமுடி வைத்துப் பிள்ளையை உடுத்தியவள் நான். நசாரியாவின் உதடு துடித்தபோது வாயைப் பொத்தியதும் நான்தான்.

ஊரே அவளைத் தாங்கியது. ஒருத்தி தேங்காய்ச்சோறு ஆக்கினாள், ஒருத்தி துணி துவைத்தாள். ஒரு மாதம் அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. கண் கலங்கினால் மட்டும் யாராவது ஒரு சிரிப்புக் கதையை எடுத்துவிடுவோம்.

நாலு மாதம் கழித்துக் கிழவர் ப்ளூதார்கோ இறந்தார். பெரியவர்கள் சாவுக்கு எங்களிடம் ஒன்பது நாள் அழுகை உண்டு. அழாதவர்களைத்தான் ஏசுவோம். நசாரியா சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு கதறினாள். கிழவரின் மகளே அசந்துபோனாள்.

"என்னடி, எங்கப்பன் உனக்கும் ஏதாச்சும் எழுதி வெச்சுட்டாரா?"

பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் ஆற்றின் மேலும் கீழும் எந்தப் பெரியவர் செத்தாலும் துடுப்புப் போட்டுக்கொண்டு போனாள். இழவு வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடத் தொடங்கினார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஊறியது. யாருக்காக அழுகிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒரு கிழவி செத்த ஏழாம் நாள். அழுகிற நசாரியாவின் வாயிலிருந்து "லுஸ்மிலா" என்று வந்துவிட்டது. பாட்டு நின்றது. பாட்டுத் தலைவி எமெரிதா எழுந்துவந்து அவளை மாரோடு அணைத்துக்கொண்டாள்.

"பொண்ணே, உன் கண்ணீர் பிள்ளைய கீழ இழுக்குதுடி. இத்தனை நாள் பாதி வழியில நனைஞ்சு நின்னிருக்குமே. போதும்டி ராசாத்தி."

"அப்ப நான் எங்க போய் அழறது?"

"எதுக்கு அழணும்? நாங்க இத்தனை பேர் இருக்கோமே!"

நசாரியா என்னைப் பார்த்தாள். பிள்ளை விஷயத்தில் ஞானத்தாய் சொன்னால் ஊர் கேட்கும். ஆனால் குழந்தை நிஜமாகவே அங்கே நனைந்து நின்றால்? எனக்குப் பயம்.

"அவங்க சொல்றது சரிதான், கொமாத்ரே" என்றேன்.

அதோடு அழுகையை விட்டாள். இழவு வீடுகளில் அவளை இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டோம், அன்பாகத்தான். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தோள் எலும்பு துருத்தியது. இரண்டு மாதத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டாள்.

துறையில் நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அப்போதுதான் எனக்கு நாக்கு அவிழ்ந்தது.

"கொமாத்ரே, இங்க யாரும் இல்ல. அழுதுடு. ஆண்டவருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பையைக் கீழே வைத்தாள். முகம் கோணியது, தோள் குலுங்கியது. கண் மட்டும் காய்ந்தே இருந்தது. பட்டணத்துப் படகுக்காரன் தூரத்திலிருந்தே ஊதலை இரண்டு தரம் ஊதிவிட்டான்.

"வரல, கொமாத்ரே" என்றாள். "நிறுத்தச் சொன்னீங்கல்ல. நின்னே போச்சு."