மூன்றாவது ரிக்கார்டு

எங்கள் குடும்பத்தில் பாட்டைப் பற்றிப் பேச உரிமை பெற்றவர் பெரியப்பா ஒருவர்தான். நெல் வயலைப் பார்த்துக்கொண்டதும் அவர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊர் பஜனைக் கோஷ்டியை நடத்தியதும் அவர். என் அப்பாவும் ஒரு காலத்தில் அந்தக் கோஷ்டியில் ஆர்மோனியம் வாசித்தவர். அவரை நான் நைனா என்று கூப்பிடுவேன். புதுவாயலைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருந்த இரும்புப் பட்டறையில், பழுக்கக் காய்ச்சிய இரும்பை அடிக்கும் பெரிய சம்மட்டி இயந்திரத்தில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். அதன் பிறகு பஜனைக்குப் போவது கொஞ்சம் கொஞ்சமாக நின்றுவிட்டது. கேட்டால் அலுப்பு என்பார். பெரியப்பா அதைத் திமிர் என்றார்.

எழுபதுகளின் நடுவில், படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடு தங்க வந்தார். மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய ஒரு ரிக்கார்டு பிளேயரும், ஸ்பீக்கர் பெட்டியும், மூன்று ஆங்கில ரிக்கார்டுகளும் அவரோடு வந்தன. எளாவூரில் லாரி ஆபீஸில் வேலை பார்த்த அவருடைய நண்பர் மாலையில் சைக்கிளில் வருவார். இருவரும் பாட்டுக் கேட்டதைவிட வாதாடியதே அதிகம்.

முதல் ரிக்கார்டு ராக் என்பதில் சண்டை இல்லை. இரண்டாவதை மாமா ஹார்டு ராக் என்றார். வெறும் ராக்கில் சத்தத்தைக் கூட்டினால் புது வகை ஆகிவிடுமா என்று நண்பர் கேட்டார். மூன்றாவதில்தான் உண்மையான போர். அதில் கிட்டார் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு மெதுவாக நடக்கும். டிரம் ஒவ்வொரு அடியாக அதன் மேல் விழும்.

"இது ஹெவிடா," என்றார் மாமா.

"ஹெவியா? எங்க டிரைவருங்க வெச்சினுகீறாங்களே, அந்த லைசென்சா?"

"சிரிக்காத. வெளிநாட்டுல இதுக்குன்னே தனிக் கூட்டம் கீது."

"கூட்டம் சேந்தா கலையா? ரெண்டாவதுல வாசிக்கத் தெரிஞ்சவன் வாசிக்கிறான். இவன் ஒரே எடத்தப் புட்சிக்கினு இடிச்சிக்கினே கீறான்."

"இடிக்கிறதும் வாசிப்புதான்டா."

எதையும் வகை பிரித்து வைக்காவிட்டால் எனக்கு அப்போதே நிம்மதி இருக்காது. என் பிரிவினை இப்படி: முதலாவது, தலை ஆடும் வகை. இரண்டாவது, கால் ஆடும் வகை. மூன்றாவது, அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வரும் வகை. மாமாவுடையதைவிட இது தெளிவாக இருக்கிறது என்று நண்பர் ஒப்புக்கொண்டார்.

புரட்டாசி பிறக்கும் முன் ஒரு மாலை பெரியப்பா வந்தார். மூன்றாவது ரிக்கார்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று அதைக் கடைசிவரை கேட்டார். அந்த நேர்மை அவரிடம் எப்போதும் உண்டு.

"இது இன்னா ராகம்?"

"ராகம்லாம் இல்லீங்க. இது வேற வகை," என்றார் மாமா.

"வேற வகன்னு ஒரு பேர வெச்சிட்டா பாட்டா பூடுமா? எழவு ஊட்ல கூட இத்தவிட சுதியா அழுவாங்க." பிறகு நைனாவின் பக்கம் திரும்பினார். "மொத சனிக்கெழம கோஷ்டி இந்த வாசல்ல நிக்கணும்னா, அதுக்குள்ள இந்தப் பொட்டி வெளிய போவணும். ரெண்டுல ஒண்ணு சொல்லு தம்பி."

நைனா அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூன்றாவதை இன்னொரு முறை போடச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

"நல்லா கீதுண்ணா! இது இருக்கட்டும்! நீயும் வா!" என்றார், தேவைக்கு மேல் உரக்க.

"இன்னாத்துக்குக் கத்துற? இத்தக் கேட்டுக் கேட்டு உனக்கும் அதே பழக்கம் வந்துட்ச்சி." அம்மா கொண்டுவந்த மோரைத் தொடாமல் பெரியப்பா போய்விட்டார்.

ஆர்மோனியம் வாசித்தவரே தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்று மாமா துள்ளினார். நானும் என் வரிசையில் மூன்றாவதை முதலிடத்துக்கு ஏற்றினேன். அம்மாவுக்கு மட்டும் மகிழ்ச்சி இல்லை. நைனாவின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று, "அண்ணன்கிட்டயாவது சொல்லிடுங்களேன்," என்றாள். அவர் தலையசைத்து மறுத்தார். அவரிடம் பேசும் முன் அம்மா எப்போதும் தோளைத் தொடுவாள். அது அன்பு என்று நினைத்திருந்தேன். அன்பும்தான்.

இன்று தொழிற்சாலைகளில் இரைச்சலை அளப்பது என் வேலை. சம்மட்டி இயந்திரம் ஒருவரின் காதிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வது மேல்சுருதிகளை என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஜால்ரா, ஆர்மோனியத்தின் வலப்பக்கக் கட்டைகள், பெண்கள் பேச்சு, பிள்ளைகள் பேச்சு எல்லாம் முன்னால் போகும். ஆழத்தில் உறுமுவதும் அதிர்வதும் நெடுநாள் தங்கும். அந்தப் புரட்டாசியில் எனக்குத் தெரிந்திருந்தவை வகைகள் மட்டுமே.

முதல் சனிக்கிழமை நைனா பட்டறைக்கு லீவு போட்டார். குளித்து, நாமம் இட்டு, பெருமாள் படத்துக்கு விளக்கேற்றி, உள்ளறையில் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அண்ணன் வராமல் இருக்கமாட்டார் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். அம்மா தாம்பாளத்தில் அரிசியும் சுண்டலும் எடுத்து வைத்திருந்தாள். நான் வாசலில் நின்றேன்.

சாவு விழுந்த வீட்டைத் தாண்டும்போது மத்தளத்தை நிறுத்திவிடுவது எங்கள் ஊர்க் கோஷ்டியின் வழக்கம். தெருமுனையில் பெரியப்பா கையை உயர்த்துவதைப் பார்த்தேன். மத்தளம் நின்றது. ஜால்ராவும் குரல்களும் மட்டும் எங்கள் வாசலுக்கு வந்தன. யாரும் நிற்கவில்லை. பெரியப்பா நேராகப் பார்த்தபடி நடந்தார். அம்மா தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

நைனாவிடம் சொல்ல உள்ளே ஓடினேன். என் நிழல் விளக்கின் மேல் விழுந்ததும் அவர் திரும்பினார்.

"இன்னா பாப்பா, கோஷ்டி இன்னும் வர்லியா?"

ஜால்ரா எங்கள் வாசலிலேயே ஒலித்துக்கொண்டிருந்தது. பெரியப்பாவை நைனா கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, அருமையான பதிலடி என்று விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்தார். பிறகு விளக்கின் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அண்ணனுக்காகக் காத்திருந்தார்.