அத்தையின் டோசியேவை நான் மீட்ட கதை

கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். அது பன்னிரண்டு வயதிலேயே வந்துவிட்டது. அப்போது ரெட்டியார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் இருந்த வீடு எங்களுடையது மட்டும்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது, தான் பயன்படுத்திய பழைய கம்ப்யூட்டரை அட்டைப்பெட்டியில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தை ஒட்டிய அறையில் வைத்துவிட்டுப் போனார். திறந்தால் எல்லாமே பிரெஞ்சில் பேசும். கீபோர்டும் அந்த ஊர்க் கீபோர்டு. மற்ற ஊர்க் கீபோர்டுகளில் க்யூ இருக்கிற இடத்தில் அதில் ஏ இருக்கும், ஏ இருக்கிற இடத்தில் க்யூ இருக்கும். இதனால் பள்ளிக்கூட லேபில் முதல் நாள் என் பேரை அடித்தபோது ஏ வரவேண்டிய இடமெல்லாம் க்யூவாக வந்து, வகுப்பே சிரித்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

அந்தக் கம்ப்யூட்டரை இரண்டு பேர்தான் தொடுவோம். நானும் அத்தையும். அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபத்தேழு வயது. தெருப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்ததால் அத்தைக்கு நேஷனாலிட்டி, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை, இருந்தது. நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் எங்கள் ஊரில் சும்மாவா? மாப்பிள்ளை வீட்டார் நகை கேட்கமாட்டார்கள், நட்டு கேட்கமாட்டார்கள், பையனோடு பிரான்சுக்கு விமானம் ஏறினால் போதும் என்பார்கள். அப்படி ஒரு வரன் விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா சரி என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அது சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம், நான் உட்பட.

கல்யாணத்துக்கு முன்னால் பிரெஞ்சுக் கான்சுலேட்டில் ஒரு டோசியே கொடுக்கவேண்டும். டோசியே என்றால் ஒரு கட்டுக் காகிதம். படிவங்கள், குடும்ப விவரம், பையனை எப்படித் தெரியும் என்று விளக்கி ஒரு நீளமான கடிதம், எல்லாம் பிரெஞ்சில். மூன்று வாரம் உட்கார்ந்து அத்தைதான் எல்லாவற்றையும் எங்கள் கம்ப்யூட்டரில் அடித்தாள். பிரின்ட் இன்னும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை காலை ரான்தேவூ, அதாவது நேரில் வரச்சொல்லிக் கொடுத்த நேரம். அதை விட்டால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அதுவரை பொறுக்கமாட்டார்கள் என்று தரகர் வேறு சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் என் மூளை வேலை செய்தது. கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக ஒரு சிடி வந்திருந்தது. ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கான பெரிய அப்டேட், போட்டுவிட்டால் வைரஸ் கிட்டே வராது என்று எழுதியிருந்தார்கள். அத்தையின் டோசியேவுக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்ற அக்கறையில் சனிக்கிழமை மத்தியானம் அதை எடுத்துப் போட்டேன். பச்சைக் கோடு பாதிவரை ஓடியது. பசித்தது. அறையைப் பெருக்கிக்கொண்டிருந்த அத்தையிடம், "அத்தே, இதத் தொடாத, தானா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய், டிவியில் கார்ட்டூன் பார்த்தபடி சாப்பிட்டேன். ஒரு விளம்பரத்தைக்கூட விடவில்லை.

திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அத்தை துடைப்பத்தோடு நின்றிருந்தாள்.

"கரண்ட் போய்ட்டு வந்துச்சுடி" என்றாள்.

ஐயோ! யூபிஎஸ் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதன்மேல் பூந்தொட்டி வைத்திருந்தோம். கம்ப்யூட்டரைப் போட்டேன். படம் வந்தது, நீலத் திரை வந்தது, தானாக அணைந்தது. மறுபடி படம், மறுபடி நீலம்.

அப்பா குதித்தார். "யாருடி உன்ன அதுல கைய வெக்கச் சொன்னது? நாளு பாத்து வெச்ச வேட்டு!" என்று கத்தினார். அத்தைதான் குறுக்கே வந்தாள். "கரண்ட் போனா புள்ள என்னண்ணே பண்ணும்? போனா போவுது, விடு" என்றாள். அன்று அத்தை எனக்குச் சாமியாகத் தெரிந்தாள். மூன்று வார உழைப்பு போயும் என்னைத் திட்டாமல் இருக்கிறாளே என்று அழுகையாக வந்தது. எப்படியாவது இதைச் சரிசெய்து அவளைப் பிரான்சுக்கு அனுப்பியே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடை அண்ணன் வந்து பார்த்தார். "ஃபார்மட் பண்ணிடலாம் பாப்பா. ஆனா உள்ள இருக்கிறது எதுவும் வராது" என்றார். அதற்கு இவர் எதற்கு? சித்தப்பாவின் பிரெஞ்சு சிடி அவரோடு போய்விட்டதால் கடையிலிருந்து ஓர் ஆங்கில சிடியை இரவல் வாங்கினேன். பிரவுசிங் சென்டரில் தேடி, பாதியில் நின்ற அப்டேட்டைத் திரும்ப எடுப்பது எப்படி என்று இரண்டு பக்கம் பிரின்ட் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை சிடியைப் போட்டதும் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து, பாஸ்வேர்டு கேட்டது. இத்தனை நாள் கேட்காத பாஸ்வேர்டு. சித்தப்பா போகும்போது அதை அத்தையிடம்தான் சொல்லியிருந்தார்.

"மறந்துபோச்சுடி" என்றாள் அத்தை, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே.

விடுவேனா? அப்பாவை எஸ்டிடி பூத்துக்கு இழுத்துப்போய்ப் பிரான்சுக்குப் போன் போட்டேன். "நம்ம ராஜா பேருதான்டி! ஆங்கிலத்துல சின்ன எழுத்து" என்று சிரித்தார் சித்தப்பா. ராஜா என்பது எங்கள் வீட்டில் வளர்ந்து செத்துப்போன நாய்.

ஓடிவந்து அடித்தேன். தப்பு என்றது. மறுபடி தப்பு. மூன்றாவது தடவையும் தப்பு என்று சொல்லி அணைந்தே போனது. அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தரகருக்கு என்ன சொல்வது என்று தனக்குத்தானே பேச ஆரம்பித்தார். நான் கீபோர்டையே முறைத்துப் பார்த்தேன். அப்போதுதான் லேபில் வகுப்பே சிரித்த நாள் நினைவுக்கு வந்தது. சிடி ஆங்கில சிடி. கீபோர்டு எந்த ஊர்க்காரன் என்று அதற்கு எப்படித் தெரியும்? நான் ஏ என்று அழுத்தினால் அது க்யூ என்றுதான் எடுத்துக்கொள்ளும். திரையில் வெறும் நட்சத்திரம் விழுவதால் எனக்கும் தெரியவில்லை. ராஜாவில் இரண்டு ஏ இருக்கிறதே!

கம்ப்யூட்டரை மறுபடி போட்டு, ஏ வரும் இடமெல்லாம் க்யூவை அழுத்தினேன். திறந்துகொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பிரின்டில் இருந்த கட்டளைகளை, எந்தக் குறி எந்தப் பொத்தானில் ஒளிந்திருக்கிறது என்று தேடித்தேடி அடித்து முடிக்க ஒரு மணிநேரம் ஆனது. பிறகு திரையில் பெயர்கள் மளமளவென்று ஓடின. கம்ப்யூட்டர் அணைந்து, எழுந்தது. படம் வந்தது. நீலம் வரவில்லை. பட்டாளத்து உடையில் தாத்தா நிற்கிற பழைய படம் திரை முழுக்க வந்து நின்றது. டோசியே ஒரு எழுத்துக் குறையாமல் உள்ளே இருந்தது.

அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். "அத்தே! அத்தே! வந்துடுச்சு!" என்று கத்தினேன். அத்தை வந்தாள். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் தலையில் கைவைத்து, "நீ கெட்டிக்காரிடி" என்றாள். பிறகு கொல்லைப்புறம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினாள். கண் சிவந்து வந்தாள். ஆனந்தக் கண்ணீர் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன்.

திங்கட்கிழமை டோசியே போய்ச் சேர்ந்தது. சித்திரையில் கல்யாணம். அத்தை இப்போதும் பிரான்சில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள். குறை என்று எதுவும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

நான் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடம் நான்தான் எடுப்பேன். கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே கேளுங்கள், எல்லா இடத்திலும் போனதா, அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் போனதா என்று. போன மாதம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது வாய் பாதியில் நின்றுவிட்டது. அன்று கூடத்தில் நான் பார்த்த கார்ட்டூன் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

சாயங்காலம் அத்தைக்கு வீடியோவில் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நேராகவே கேட்டேன்.

"அத்தே, அன்னிக்கு கரண்ட் போவல, இல்ல?"

அத்தை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"இப்பதான்டி கேக்குற" என்றாள்.