ரமாக்காவின் டெலிபோனில் எறும்பு

பெங்களூர் உல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற ராணுவம் தன் பீரங்கிகளை எல்லாம் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாலும் ஜெயித்திருக்க முடியாத ஒரு போரை, மர்பி டவுன் ரமாக்கா நாலு காபி சாசரையும் ஒரு கரண்டி விளக்கெண்ணெயையும் வைத்து ஜெயித்தாள். டெலிபோனைக் கண்டுபிடித்த வெள்ளைக்காரன் உயிரோடு இருந்திருந்தால் கப்பலேறி வந்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருப்பான். சரித்திரப் புத்தகத்தில் அவள் பெயர் இல்லையென்றால் அது புத்தகத்தின் குறை. இதை எழுதுகிற கிளாரன்ஸ் அந்தப் புத்தகத்தை இரண்டு வருஷம் படித்தும் ஃபெயிலானவன். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அப்போது ரமாக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிற வேலை. அப்பா அம்மா போன பிறகு தம்பி ஷங்கரைப் படிக்க வைத்து, ஏசி மெக்கானிக் வேலை பழக வைத்து, தொண்ணூற்றேழில் மஸ்கட்டுக்கு விமானம் ஏற்றிவிட்டது அவள்தான். அவளுடைய கல்யாணத்தைப் பற்றி அந்தச் சந்தில் யாரும் கேட்பதில்லை. கேட்டவர்களை அவள் பார்த்த பார்வை அப்படி.

ஷங்கர் போகும்போது இரண்டு சொத்துகளை விட்டுப்போனான். ஒன்று, வருஷக்கணக்காகக் காத்திருந்து வாங்கிய பட்டன் வைத்த டெலிபோன். இன்னொன்று பூனை. ராணுவக் குடியிருப்பு மதிலோரம் குட்டியாகக் கிடந்ததை எடுத்து வந்ததால் அதற்கு மேஜர் என்று பெயர். பதவிக்கு ஏற்ற மாதிரி எந்த வேலையும் செய்யாது. டெலிபோன் ஸ்டூலில், போனை அணைத்துக்கொண்டு தூங்கும். எதைப் பார்த்தாலும் நக்கும்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் ஷங்கர் அங்கே ஏதாவது ஒரு பூத்திலிருந்து கூப்பிடுவான். முதல் கேள்வி மேஜர் சாப்பிட்டானா என்பது. அக்கா சாப்பிட்டாளா என்பது அதற்கு அப்புறம்தான். பூனைக்குப் பின்னால் வரிசையில் நிற்கிற கெதி எனக்கு என்று சந்து முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்படுவாள்.

மறுவருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, அங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற கேரளத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்ளப் போவதாக ஷங்கர் சொன்னான். வேறு மொழி, வேறு மதம். ரமாக்காவுக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது.

"அப்ப இனிமே எனக்கு போன் பண்ணாத."

சின்ன வயசிலிருந்தே அக்கா பேச்சைத் தட்டாத பிள்ளை அவன். இதையும் தட்டவில்லை.

இவளாகக் கூப்பிட நம்பர் கிடையாது. ரூமும் மாறிவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். ஞாயிறு வந்தால் ரமாக்கா ஸ்டூல் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். டீ அங்கேதான், கிளாரன்ஸின் அப்பா பேக்கரி பன்னும் அங்கேதான். எழுந்து சமையலறைக்குப் போன நேரமாகப் பார்த்து மணி அடித்துவிட்டால்? பன்னின் துகள் ஸ்டூலெல்லாம் உதிர்ந்தது. மேஜர் எட்டிய மட்டும் நக்கியது. மிச்சத்தைத் தேடி எறும்பு வந்தது.

போதாக்குறைக்கு ஆயுத பூஜையும் வந்தது. பெங்களூரில் அன்றைக்குப் பொட்டு வாங்காத வண்டி கிடையாது, லேத் கிடையாது. ரமாக்கா வழக்கமாகத் தையல் மிஷினுக்குத்தான் வைப்பாள். அந்த வருஷம் டெலிபோனுக்கு வைத்தாள். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம், எதிரே தட்டில் பொரி கடலை வெல்லம். கும்பிட்டு முடித்து, சாமி வாயில் தடவுகிற மாதிரி, ரிசீவரில் பேசுகிற துளையிலும் கொஞ்சம் வெல்லத்தைத் தடவினாள். இனிப்பாக ஏதாவது கேட்க வேண்டும் என்ற ஆசைதான்.

சில நாள் கழித்து ரிசீவரை எடுத்தால் காதுக்குள் சிற்றெறும்பு ஊர்ந்தது. பட்டன் துளைகளிலிருந்து வரிசையாக வந்தன. மணி அடிக்கிறதா என்றே தெரியவில்லை. டயல் டோன் கரகரவென்று வந்து நின்றுபோயிற்று.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்திருப்பார்கள். ரமாக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் ஷங்கர் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான், எறும்புதான் மணியை அடிக்க விடவில்லை. தம்பி கல்நெஞ்சன் இல்லை, குற்றவாளி எறும்பு. சந்தில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னாள்.

லைன்மேன் மைக்கேல்ராஜ் வந்து திறந்து பார்த்தார். உள்ளே தகட்டின் மேல் அரிசி நொய் மாதிரி வெள்ளையாக முட்டைகள். தட்டிக் கொட்டினார். மருந்து அடித்துவிடும்மா, இல்லையென்றால் நாலு பாச்சை உருண்டை வை, திரும்ப வராது என்றார். பூனை நக்குமே என்றாள் ரமாக்கா. பூனையை எங்கேயாவது கட்டிவைக்கச் சொன்னார் மனுஷன். மேஜரையா? கடையில் எறும்புச் சாக்பீஸ் கொடுத்தார்கள், பக்கத்து வீட்டில் மண்ணெண்ணெய் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். போன் பிழைத்து, அவன் கூப்பிட்டு, மேஜர் சாப்பிட்டானா என்று கேட்கிற அன்றைக்கு என்ன பதில் சொல்வது?

அவளே இறங்கினாள். ஒயரைக் கழற்றிவிட்டு, காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் இண்டு இடுக்கெல்லாம் தட்டி எடுத்தாள். பேக்கரியிலிருந்து வினிகர் வாங்கித் தண்ணீரில் கலந்து, துணியை ஒட்டப் பிழிந்து வெளிப்பக்கம் மட்டும் துடைத்தாள். ஸ்டூலின் நாலு காலுக்கும் நாலு சாசர், சாசர் நிறையத் தண்ணீர். மேஜர் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு மேலே ஏறிப் படுத்தது.

மறுநாள் பார்த்தால் எறும்பு டெலிபோன் ஒயர் மேல் ஊர்வலம் போகிறது. சுவரிலிருந்து நேராகப் பாலம்.

ஒரு துணி நாடாவை விளக்கெண்ணெயில் ஊறவைத்து, சுவர்ப் பக்கம் ஒயரைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பூனை நக்கினாலும் ஒருவேளை வயிறு இளகும், உயிர் போகாது. வந்த எறும்பெல்லாம் பிசுக்கில் கால் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பின. பன்னும் டீயும் சமையலறைக்கு மாறின. அந்த வாரமே வீட்டில் எறும்பு இல்லை.

மணியைச் சோதிக்க, தெருமுனைப் பேக்கரி வாசலில் தொங்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து கூப்பிடச் சொல்லி கிளாரன்ஸை அனுப்பினாள். தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி அடித்தது. ரமாக்கா வாசலுக்கு ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள், கல்யாணப் பெண்ணுக்கு மாப்பிள்ளை ஊர்வலம் தெரிந்த மாதிரி.

அந்த ஞாயிறு மணி அடிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. இப்போது பழி போட எறும்பும் இல்லை. அவளே அதைத் துரத்திவிட்டிருந்தாள். பன் வாங்க வந்தவள் சில்லறையை வாங்காமல் திரும்பிப் போனாள். சில்லறைக்காகக் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. பின்னாலேயே நடந்து கேலி பண்ணுகிற கிளாரன்ஸ்கூட அன்றைக்குப் பேக்கரி வாசலோடு நின்றுவிட்டான்.

அதற்கடுத்த ஞாயிறு காலை மணி அடித்தது.

"ஷங்கரா?"

பதில் இல்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும். கொஞ்ச நேரத்தில் லைன் போய்விட்டது. மறுவாரமும் அப்படியே. பேச வாய் வராமல் நிற்கிறான் என்று சந்து முடிவு கட்டியது. மூன்றாவது வாரம் ரமாக்கா தானே பேச ஆரம்பித்தாள். மேஜர் சாப்பிட்டான் என்றாள். குளிர் ஆரம்பித்துவிட்டது, உன் ஸ்வெட்டரை அவனுக்குத்தான் விரித்திருக்கிறேன் என்றாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணையும் கூட்டினு வாடா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

யாரிடமும் அவள் அதுவரை சொல்லாத வார்த்தை அது. எதிர்முனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. லைன் போயிற்று.

டிசம்பரில் ஒரு ஞாயிறு. மணி அடித்தது, எடுத்தாள், மேஜர் சாப்பிட்ட கதையை ஆரம்பித்தாள். அப்போது கீரைக்கார லட்சுமம்மா கூடையோடு தெருவில் திரும்பினாள். "சொப்பூ... சொப்பு..." என்று கன்னடத்தில் அவள் கீரையைக் கூவியது முதலில் ரிசீவரில் கேட்டது. பத்தடி நடந்து வந்து கூவியது ஜன்னல் வழியாகக் கேட்டது.

ரமாக்கா பேச்சை நிறுத்தினாள். ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"மஸ்கட்டுல லட்சுமம்மா சொப்பு விக்கிறாளாடா, கிளாரன்ஸு?"

பேக்கரி வாசலில் ரிசீவரும் கையுமாக நின்றான் அந்த யோக்கியன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க வாயெடுத்தான். அவள் அதற்கும் சேர்த்தே பதில் சொன்னாள்.

"ரெண்டாவது வாரமே தெரியும். லட்சுமம்மா எந்த ஞாயித்துக்கெழம லீவு போட்டா? அது கெடக்கட்டும். இந்த நேரத்துல லைனப் புடிச்சினு நிக்காத, கண்ணு. நெசமாவே அவன் கூப்புட்டா எங்கேஜ்டுன்னு வரும்ல."

கிளாரன்ஸ் சரி என்று சொன்னானோ, தலையைத்தான் ஆட்டினானோ, அவனுக்கே நினைவில்லை. ரிசீவரை மாட்டப் போனான். அதற்குள் அவள் குரல் மறுபடி வந்தது.

"சனிக்கெழம பண்ணு. சனிக்கெழம நான் சும்மாதான் இருப்பேன்."