கதவு வரி

எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து நான் கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு மாவட்ட மன்ற அலுவலகத்தில் வரி வசூலிக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். என் தகப்பனார் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர் என்பதால் என்னையும் சனங்கள் கிராணி என்றே கூப்பிட்டார்கள். நான் வசூலித்த வரிக்கு மலாய் மொழியில் 'சுக்காய் பிந்து' என்று பெயர். எங்கள் ஆட்கள் அதை அப்படியே தமிழாக்கிக் 'கதவு வரி' என்பார்கள். உண்மையில் அது வீட்டின் மதிப்பைப் பார்த்துப் போடும் வரி. கதவுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

அசாம் ஜாவா என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், செம்பனைகளுக்கு நடுவே ஒரு குடியிருப்பு இருந்தது. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது தொழிலாளர் லயத்தை விட்டு வந்தவர்கள் கட்டிய பலகை வீடுகள், ஒரே வரிசையில். அரையாண்டுக்கு ஒரு முறை அங்கே மோட்டார் சைக்கிளில் போவேன். வரிசையின் கடைசி வீட்டுக்கார அம்மா, வரிப்பணமான சில வெள்ளியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை அடைத்துக் கிடப்பதை முழுக்கச் சொல்லி முடித்த பிறகுதான் கையை விரிப்பார். நான் எழுதிக்கொண்டு போய் அலுவலகத்தில் கொடுப்பேன். கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து சாக்கடையைத் தோண்டுவார்கள். சண்டை போட்டாலும் காரியம் நடந்தது.

பிறகு ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் வந்தது. ஆழ்கிணறு, பம்பு, உயரத்தில் ஒரு தொட்டி, வாசலுக்கு வாசல் குழாய். எல்லாம் இலவசம். தொட்டியின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்வதுபோல் படம் வரைந்தார்கள். எங்கள் மேலதிகாரி யோசித்தார். அங்கே இனி நமக்குச் செலவில்லை, வருகிற வரியோ போய் வரும் பெட்ரோலுக்கே காணாது. வசூலை நிறுத்தச் சொல்லிவிட்டார். சனங்களுக்கும் சந்தோஷம்தான். "இனிமே வெள்ளைக்காரன் வீட்டுக் கதவுல போய்த் தட்டுங்க கிராணி, அவன் கட்டுவான்" என்று ஒருவர் கேலி செய்தார். நானும் சிரித்தேன்.

சில ஆண்டுகள் நான் அந்தச் சாலைப் பக்கமே போகவில்லை. திட்டம் முடிந்து வெளிநாட்டுக்காரர்கள் கிளம்பிப்போனார்கள். பம்பு கெட்டு நின்றது. அலுவலகத்திலும் பணமுடை. விட்டுப்போன இடங்களில் மறுபடி வசூல் தொடங்க வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பினார்கள்.

நான் போனது நல்ல வெயில் நேரம். தொட்டியில் சாயம் உரிந்து ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு முதல் வீட்டுக்குப் போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். தட்டுவதற்கு ஒன்றுமில்லை. வெறும் நிலை, அதில் பழைய சாரோங் துணி ஒன்று தொங்கியது. கூப்பிட்டேன். உள்ளே யாரோ மூச்சை அடக்குவது கேட்டது. ஒரு குழந்தை சிணுங்க ஆரம்பித்தது. உடனே அதன் வாய் பொத்தப்பட்டது. காற்றே இல்லை, துணி மட்டும் என் பக்கமாக ஒரு முறை உப்பி அடங்கியது.

அடுத்த வீட்டிலும் கதவில்லை. அதற்கடுத்த வீட்டிலும் இல்லை. கீல் இருந்த இடங்களில் மரம் வெளுத்திருந்தது. ஒரு கதவு சாக்கடைக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்தது. இன்னொன்று கோழிக்கூண்டுக்குக் கூரையாகியிருந்தது. அப்போதுதான் விளங்கியது. வரி திரும்ப வருகிறது என்ற பேச்சு எனக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டது. கதவு இருந்தால்தானே கதவு வரி.

கடைசி வீட்டிலிருந்து மட்டும் அந்த அம்மா வெளியே வந்தார். அவர் வீட்டிலும் கதவில்லை. உள்ளே செங்கல் அடுக்கி அதன்மேல் கதவைக் கிடத்தி, அதில் அவர் புருஷனைப் படுக்க வைத்திருந்தார். பனங்குலை விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவர். முதுகெல்லாம் படுக்கைப் புண். தினமும் கழுவ வேண்டும். தண்ணீருக்கு அந்த அம்மா லோரிகள் ஓடும் பெரிய ரோட்டைக் கடந்து தோட்டத்துக் கால்வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தார். கால்வாய்த் தண்ணீர் பட்டுப் புண் இன்னும் மோசமாகியிருந்தது.

"பைப்பு ரிப்பேருக்கு ஆபீசுக்குப் போனேன் கிராணி. உங்க எடம் லிஸ்டுலயே இல்லங்கிறான். ஆளில்லாத எடத்துக்கு எப்படி வர்றதுன்னு என்னையே கேக்குறான். நான் அவன் முன்னாலதான் நிக்கிறேன்லா."

நான் ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுத்தேன்.

"எங்க வீட்டுக்கு வரி போடுங்க" என்றார். "அப்பத்தான் நான் வந்து சண்ட போட முடியும்."

போடலாம், ஆனால் ஒரு வீட்டுக்காகப் பம்பு மெக்கானிக்கை அனுப்பமாட்டார்கள், வரிசையில் பாதியாவது சேர வேண்டும் என்றேன். கதவுக்கும் வரிக்கும் சம்பந்தமில்லை என்பதையும் இரண்டு முறை சொன்னேன். "அப்புறம் ஏன் கதவு வரின்னு பேரு வச்சீங்க?" என்று கேட்டுவிட்டு, புருஷன் படுத்திருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை.

அடுத்த மாதம் போனபோது அந்த வரிசையில் பெரும்பாலான வீடுகளில் கதவுகள் திரும்ப மாட்டப்பட்டிருந்தன. பாலமாகக் கிடந்தது முறுக்கிக்கொண்டு மூட முடியாமல் நின்றது. கூண்டுக்குக் கூரையாக இருந்த கதவில் கோழி எச்சம் காயவில்லை. எல்லாம் அந்த அம்மா வீடு வீடாகப் போய்ப் போட்ட சண்டை என்று பிறகு தெரிந்தது.

அவர் வீட்டுக் கதவும் மாட்டப்பட்டிருந்தது. நெருங்கியதும் கால் தயங்கியது. கதவில் எண்ணெயும் வியர்வையும் ஊறி, ஒரு ஆளின் வடிவம் கருமையாகப் பதிந்திருந்தது. தலை, தோள், அகன்ற முதுகு, கீழே இரண்டு குதிகால்கள். படுத்திருந்த ஆள் எழுந்து வாசலில் நிற்பதுபோல் இருந்தது. தட்ட வேறு இடம் இல்லை. தோளுக்குக் கீழே மெல்லத் தட்டினேன்.

"தட்டாதீங்க கிராணி," என்று உள்ளேயிருந்து ஆண் குரல் வந்தது. "என் முதுகுல தட்டுற மாதிரி இருக்கு."

அம்மா கதவைத் திறந்தார். அவர் புருஷன் தரையில், கோணிச் சாக்கின்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அம்மா வெள்ளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பம்பைப் பற்றி ஆரம்பித்தார். மோட்டார், உடைந்த வால்வு, ஒழுகும் மூலைக் குழாய். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். பிறகு கையை விரித்தார்.

மழைக்காலத்துக்கு முன்னால் மெக்கானிக் வந்தான். குழாயில் தண்ணீர் வந்தது. புண்கள் மெல்லக் காய்ந்தன. அந்தக் கதவைக் குழாய்த் தண்ணீர் விட்டுப் பலமுறை தேய்த்ததாகவும் கறை போகவில்லை என்றும் அம்மா சொன்னார்.

அதன்பிறகு நான் அந்தக் கதவைத் தட்டியதில்லை. முற்றத்தில் நின்று குரல் கொடுப்பேன். "இங்கதான் இருக்கேன், வாங்க" என்று அம்மாவின் புருஷன் பதில் சொல்வார். அவர் உள்ளே தரையில் படுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தக் குரல், நின்ற உயரத்தில், கதவிலிருந்துதான் வந்தது.