போகி நாளில் கேட்டு வாங்கிய ஊத்தை

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு முந்தைய நாள், பாரிஸில் லா ஷப்பலுக்கு அருகே மீன்தொட்டிப் பொருட்கள் விற்கும் கடையொன்றில், நானும் கணவரும் ஆளுக்கொரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாதாடிக்கொண்டிருந்தோம்.

இரண்டும் தொட்டிக்குக் கீழே வைக்கும் வாளி வடிவ வடிகட்டிகள். குழாய் வழியே நீரை இழுத்து, பஞ்சும் பீங்கான் வளையங்களும் அடுக்கிய தட்டுகளினூடாகச் செலுத்தி, மீண்டும் தொட்டிக்கு அனுப்புபவை. ஒன்று நீரை வேகமாகச் சுழற்றும். மற்றது மெதுவானது, ஆனால் ஓசையும் மின்செலவும் குறைவு, உள்ளே இடமும் அதிகம். கணவர் வேகத்தின் பக்கம். ஆண்டுக்கணக்கில் அது இழுக்கப்போகும் மின்சாரத்தை எண்ணி நான் மற்றதன் பக்கம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. உணவகச் சமையலறையில் வேலை செய்யும் கணவர், பொங்கலுக்காக வீட்டைத் துப்புரவாக்கிய கையோடு எங்கள் பழைய வடிகட்டியையும் திறந்து, பஞ்சையும் வளையங்களையும் கொதிநீரில் தேய்த்துக் கழுவிவிட்டார். "புதுக் கோப்பை மாதிரி மினுங்குது, பாரும்" என்று அவர் காட்டியபோது நானும் பாராட்டினேன். மீன்களின் கழிவிலுள்ள நஞ்சை முறிக்கும் நுண்ணுயிர்கள் அந்த வழுவழுப்பான ஊத்தையில்தான் வாழ்கின்றன என்பதைப் பின்னரே படித்தறிந்தோம். நீரை மாற்றிப் பார்த்தும் மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைப் பிளந்தன. ஒன்று இறந்துபோனது. மற்றவற்றைவிட்டு அகல மறுத்து, எங்கள் மகள் தொட்டியருகிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வேகமான இதை வாங்கினா எல்லாம் சரிவரும்" என்றார் கணவர், கையிலிருந்த பெட்டியைத் தட்டி.

"இதுக்குள்ளையும் ஊத்தை இல்லையே! அது பிடிக்கக் கிழமைக்கணக்கா செல்லுமாம். ஊத்தையை எந்தக் கடையிலை வாங்கிறது?" என்றேன் நான்.

பின்னால் யாரோ சிரித்தார். "ஊத்தைன்னா அழுக்குதானே? எங்கிட்ட நிறைய இருக்கு."

என் வயதொத்த பெண். புதுச்சேரிக் குடும்பத்தவர், நகராட்சி அலுவலகத்தில் வேலை. விவரத்தைக் கேட்டதும், "ரெண்டுமே நல்ல பில்டர்தான், அப்புறம் நிதானமா சண்டை போட்டு வாங்குங்க. இப்போ எங்கூட வாங்க" என்றார்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில்தான் அவர் வீடு. சுவரை அடைத்த தொட்டியில் மீன்கள் நெருக்கமாக நீந்தின. ஓடிக்கொண்டிருந்த தன் வடிகட்டியை நிறுத்தித் திறந்தார். பழுப்பேறி வழுக்கிய வளையங்களில் சரிபாதியை, தொட்டி நீரோடு ஒரு சாம்பார் வாளிக்குள் அள்ளிப் போட்டார். எனக்கு மனம் உறுத்தியது.

"உங்கடை மீனுகளுக்கு ஒண்டும் ஆகாதோ?"

"ஆகலாம்" என்றார், மறைக்காமல். "ஒரு வாரம் தீனியக் குறைச்சிடுறேன், கழிவும் குறையும். அதுங்களும் விரதம் இருக்கட்டும்."

வாளியை வாங்கிய கணவர், "நாளைக்குப் பொங்கல். நாங்கள் ஊத்தையைக் காவிக்கொண்டு போறம்" என்று தலையை ஆட்டினார்.

"இன்னிக்குப் போகி, அண்ணா! வீட்டு அழுக்கை வெளிய அனுப்புற நாள்தான்."

யாழ்ப்பாணத்தவரான எங்கள் வீட்டில் போகி கொண்டாடும் வழக்கம் இல்லை. அப்படியொரு நாள் இருப்பதற்காக அன்று மனதார மகிழ்ந்தேன்.

வளையங்களை எங்கள் வடிகட்டிக்குள் இட்டோம். பொங்கலன்றும் மீன்கள் மேலேயே தவித்தன. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கீழிறங்கி இரை தேடத் தொடங்கின. சில நாள் கழித்து, நாங்கள் மீண்டும் பொங்கி எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது, என் கண் முதலில் போனது அவர் தொட்டிக்குத்தான். நீர் சற்றுக் கலங்கியிருந்தது, மீன்கள் நலமாயிருந்தன. "பசியில என்னை முறைக்குதுங்க, பாருங்க" என்று சிரித்தார்.

நான் பணியாற்றும் தொண்டு அமைப்பில், வீடுகளில் மிஞ்சியவற்றைத் திரட்டித் தேவைப்படுவோருக்கு வழங்குகிறோம். அது நல்ல பணி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், தன் மீன்களின் உயிர் எதை நம்பியிருந்ததோ அதிலேயே பாதியை, பெயர்கூடத் தெரியாத எங்களுக்கு அள்ளித் தந்த அந்தக் கையைப் பார்த்த பிறகு, பிறருக்கென்று எதை எடுத்தாலும், இது எனக்கு மிஞ்சியதா, வேண்டியதா என்று ஒருமுறை என்னையே கேட்டுக்கொள்கிறேன்.